பாவித்த போன் வாங்கப் போகிறீர்களா?

பிரித்தானியாவிற்கு வந்து சேரும் எம்மவர் குடும்பங்கள், வீட்டு வாடகைக்கு முற்பணம் கட்டிய கையோடு தேடுகின்ற பொருள் கைத்தொலைபேசிதான். முன்னர் வந்தவர்கள் தெருவோரத் தொலைபேசிக் கூண்டிற்குள் நின்று, தொலைபேசி அட்டையைச் சுரண்டி, ஊருக்கு எடுத்துக் கதைத்தார்கள். இன்று அம்மாவின் முகத்தை வட்ஸ்அப்பில் பார்ப்பது, வங்கிக் கணக்கைத் திறப்பது, பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் செய்தியைப் படிப்பது எல்லாமே அந்த ஒரு கண்ணாடித் துண்டினூடாகத்தான் நடக்கின்றன.

எல்லாவற்றிற்கும் மேலாக எமது வதிவிட உரிமையே அதற்குள் போய்விட்டது. கையில் வைத்திருந்த பி.ஆர்.பி. அட்டைகளில் பெரும்பாலானவை 2024 டிசெம்பர் 31 உடன் காலாவதியாகின. அவற்றிற்குப் பதிலாக வந்த ஈ-விசாவைத் திறப்பதற்குத் தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ ஓர் இரகசிய இலக்கம் அனுப்புகிறார்கள். வேலை தருபவரும் வீடு தருபவரும் கேட்கும் 'ஷெயார் கோட்'டை அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். எனவே இது ஆடம்பரப் பொருள் என்று எவரும் சொல்ல முடியாது.

ஆனால் புதுப் போனின் விலை எமக்கு எட்டாது. ஆகவே நாம் பாவித்த போனைத் தேடுகிறோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல பாவித்த போன் மூன்று நான்கு வருடம் உழைக்கும். எங்கள் தொழிற்சாலையில் இடைவேளைக்கு மேசையில் வைக்கப்படும் போன்களில் முக்கால்வாசி இரண்டாம் கை, மூன்றாம் கைப் போன்கள்தான். அவற்றை வாங்கியும், வாங்க வந்தவர்களோடு துணைக்குப் போயும் நாங்கள் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

பாவித்த போனைக் கையில் எடுத்ததும் எம்மவர் செய்வது ஒன்றுதான். திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கீறல் இருக்கிறதா, மூலை அடிபட்டிருக்கிறதா என்று மாம்பழம் வாங்குவதுபோல ஆராய்வார்கள். கீறல் உள்ள போனால் எவரும் நட்டப்பட்டதில்லை. முப்பது பவுண் குறைத்துக் கேட்கலாம், அவ்வளவுதான். காசைக் கொண்டுபோவது கண்ணுக்குத் தெரியாத விடயம். அந்தப் போன் உண்மையில் விற்பவருடையதா, விற்ற பின்னர் அது உங்களுடையதாகுமா என்பதே முதற் கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்களோடு இரவு வேலை செய்யும் தம்பி ஒருவர் 180 பவுண் கொடுத்து ஐபோன் ஒன்று வாங்கினார். 2025 ஏப்ரலில் 21 வயதிற்கு மேற்பட்டோரின் ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 12.21 பவுணாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால், வரி பிடிக்க முன்னரே அது 15 மணித்தியாலம் நின்று உழைத்த காசு. புகையிரத நிலையம் ஒன்றின் கார்த் தரிப்பிடத்தில், இருட்டிய பின்னர், விளம்பரத்தில் பார்த்த ஒருவரிடம் வாங்கினார். போன் பளபளவென்று இருந்தது. பற்றரியும் நல்லது. மூன்று கிழமை ஒரு குறையும் இல்லை. ஒருநாள் விடிய வேலை முடிந்து வெளியே வந்தவர், "அண்ணை, எல்லாம் வேலை செய்யுது, ஆனா நெற்வேர்க் மட்டும் வருகுதில்லை" என்றார். சிம்மை எடுத்து இன்னொரு போனில் போட்டோம், வேலை செய்தது. அவருடைய போனில் எந்தச் சிம்மைப் போட்டாலும் வேலை செய்யவில்லை. போன் களவுபோனதாகவோ தவணைக் காசு கட்டப்படாததாகவோ பதியப்பட்டு, தடைப் பட்டியலில் ஏறியிருந்தது. விற்றவரின் இலக்கம் அதற்குள் செத்துவிட்டது. பற்றுச்சீட்டும் இல்லை, பெயரும் இல்லை.

இதைப் புரிந்துகொள்ள ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் என்றால் என்னவென்று தெரிய வேண்டும். ஒவ்வொரு போனிற்கும் 15 இலக்கங்கள் கொண்ட ஓர் அடையாள எண் உண்டு. இரண்டு சிம் பாவிக்கக்கூடிய போனிற்கு இரண்டு இருக்கும். மனிதருக்குக் கடவுச்சீட்டு இலக்கம் போன்றது அது. போன் களவுபோனது என்று உரிமையாளர் அறிவித்ததும் அந்த இலக்கம் தடைப் பட்டியலில் சேரும். பின்னர் இந்நாட்டு வலையமைப்புக்கள் அதை ஏற்கமாட்டா. சிம்மை மாற்றிப் பிரயோசனமில்லை, ஏனென்றால் தடை சிம்மிற்கல்ல, போனிற்கு.

பார்க்கும் முறை இலகு. கதைப்பதற்கு இலக்கம் அழுத்துவதுபோல *#06# என்று அழுத்துங்கள். இலக்கம் தானாகத் திரையில் வரும். செற்றிங்ஸில் போனைப் பற்றிய பகுதியிலும் அது இருக்கும். பல ஐபோன்களில் சிம் வைக்கும் சிறிய தட்டிலும் பொறித்திருக்கும். பெட்டி இருந்தால் பெட்டியிலும் இருக்கும். இவை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று மாறி இருந்தால் போனை மேசையில் வைத்துவிட்டு எழும்பி வாருங்கள். இந்த இலக்கத்தை மாற்றுவது 2002 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஐந்து வருடம் வரை சிறை உண்டு. அப்படியானவர்களோடு எமக்கு என்ன கொடுக்கல் வாங்கல்?

இலக்கத்தை விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி, செக்மெண்ட் போன்ற சேவையில் சிறிய கட்டணம் கட்டிப் பார்க்கலாம். களவு, தொலைவு, தடை பற்றிய பதிவுகள் அதில் தெரியவரும். இலக்கம் தர மறுப்பவர் ஏன் மறுக்கிறார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று. இன்று சுத்தமாக இருக்கும் இலக்கம் அடுத்த மாதமும் சுத்தமாக இருக்கும் என்று உறுதியில்லை. போனை விற்றுவிட்டு, களவுபோனது என்று காப்புறுதிக் காசு எடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மாதத் தவணையில் எடுத்த போனை விற்றுவிட்டுத் தவணையை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இலக்கத்தைப் பார்ப்பதோடு ஆளையும் பார்க்க வேண்டும் என்கிறோம். முதல் வாங்கிய பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் சந்திக்கச் சம்மதிப்பவர் கார்த் தரிப்பிடத்தில் சந்திப்பவரைவிட நல்லவர். விற்பவரின் பெயர், விலாசம், திகதி, விலை, ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் ஆகியவற்றை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். இதற்கு மறுப்பவர்கள் பலர். மறுத்தால் வேறு போன் பாருங்கள்.

"தடைப்பட்ட போனை ஊருக்கு அனுப்பினால் அங்கே வேலை செய்யும்" என்று சொல்லி அரை விலைக்குத் தருவார்கள். எம்மவரில் சிலரே இதைச் சொல்கிறார்கள் என்பதுதான் கவலை. களவுப் பொருள் என்று தெரிந்துகொண்டு வாங்குவது இந்நாட்டில் குற்றம். தெரியாமல் வாங்கினாலும் அது உங்களுக்குச் சொந்தமாகாது. பொலிசார் எடுத்துக்கொண்டு போனால் காசும் போய்விடும், போனும் போய்விடும். நிரந்தர வதிவிடத்திற்கோ பிரசாவுரிமைக்கோ விண்ணப்பிக்க இருப்பவர்கள் தங்கள் பெயரில் ஒரு பொலிஸ் பதிவை 50 பவுண் இலாபத்திற்காகத் தேடிக்கொள்ளத் தேவையில்லை.

அடுத்தது கணக்குப் பூட்டு. எங்கள் அனுபவத்தில் அதிகமானோர் மாட்டிக்கொள்வது இதில்தான். அப்பிள் நிறுவனம் 2013 இலும், கூகிள் 2015 இலும் தத்தமது போன்களில் ஒரு பூட்டைக் கொண்டுவந்தன. போனை முழுவதுமாக அழித்தாலும், பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் அது மீண்டும் திறக்காது. களவைக் குறைக்க வந்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் விற்பவர் தனது கணக்கை எடுக்காமல் விற்றால், நீங்கள் வாங்கியது ஓர் ஓட்டுத் துண்டு.

ஆகவே காசு கொடுக்க முன்னர், உங்கள் கண் முன்னாலேயே, விற்பவர் தன் கையால் செய்ய வேண்டியது இது. ஐபோன் என்றால் செற்றிங்ஸைத் திறந்து, மேலே தெரியும் தனது பெயரை அழுத்தி, கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். அப்போது அவருடைய கடவுச்சொல்லைக் கேட்கும். அதன் பின்னர் போனிலுள்ள எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். அன்ட்ராய்ட் என்றால் முதலில் கூகிள் கணக்கையும், சாம்சுங் போனாக இருந்தால் சாம்சுங் கணக்கையும் நீக்கிவிட்டு, பின்னர் அழிக்க வேண்டும். முறை மாறக்கூடாது.

இதோடு முடிந்துவிட்டது என்று காசை நீட்டிவிடாதீர்கள். அழித்து முடிந்து 'ஹலோ' என்று திரை வந்ததும், போனை இணையத்தில் தொடுத்து, ஒவ்வொரு படியாக உள்ளே போய், முகப்புத் திரை வரும்வரை கொண்டுபோங்கள். பூட்டு இருந்தால் இடையில்தான் காட்டிக்கொடுக்கும். 'ஐபோன் லொக்ட் ரு ஓனர்' என்றோ, முன்னர் இருந்த கணக்கின் விபரத்தைத் தரும்படியோ எழுத்து வந்தால் வாங்க வேண்டாம். "கடவுச்சொல் மறந்துபோச்சு, கடையில் குடுத்தால் பத்துப் பவுணுக்கு எடுத்துத் தருவான்" என்பார்கள். பத்துப் பவுணுக்கு எடுக்கலாம் என்றால் அவரே எடுத்துவிட்டு இன்னும் நூறு பவுண் கூட்டி விற்றிருக்கலாமே!

சில போன்கள் இப்படித் திறக்கும்போது, இது இன்ன நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் அறிவிப்புக் காட்டும். அது ஏதோ ஒரு கொம்பனியோ பள்ளிக்கூடமோ ஊழியருக்குக் கொடுத்த போன். அவர்கள் தூரத்திலிருந்தே அதைப் பூட்டலாம், அழிக்கலாம். விலை எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள். அதேபோல, விற்றவரின் கணக்கு உள்ளேயே இருக்கும் போனும் ஆபத்து. சில மாதம் கழித்து அவர் தூரத்திலிருந்து பூட்டிவிட்டு, திறப்பதற்குக் காசு கேட்கலாம்.

இவ்வளவும் செய்ய அரை மணித்தியாலம் வேண்டும், இணையமும் வேண்டும். நாங்கள் துணைக்குப் போகும்போது நகர நூலகத்தில் சந்திப்பதே வழக்கம். இணையம் இலவசம், வெளிச்சம் உண்டு, ஆட்கள் இருப்பார்கள், குளிர் காலத்தில் வெதுவெதுப்பாகவும் இருக்கும். அவசரப்படுத்தும் விற்பவர் நூலகம் என்றதுமே வரமாட்டேன் என்று விடுவார். அதுவும் ஒரு சோதனைதான்.

சொந்தச் சிம்மைக் கட்டாயம் கொண்டுபோங்கள். 2021 டிசெம்பர் 17 முதல் குறித்த ஒரு வலையமைப்பிற்கு மட்டும் பூட்டப்பட்ட போன்களை விற்பதற்கு இந்நாட்டில் தடை வந்தது. அதற்கு முந்திய போன்கள் பூட்டுடன் இருக்கலாம். சிம்மைப் போட்டு, பக்கத்தில் நிற்பவருக்கு எடுத்துக் கதையுங்கள். அவர் சொல்வது உங்களுக்குக் கேட்கிறதா, நீங்கள் சொல்வது அவருக்குக் கேட்கிறதா? காதில் வைத்ததும் திரை அணைய வேண்டும். அணையாவிட்டால் கதைக்கும்போது கன்னமே இலக்கங்களை அழுத்திக்கொண்டிருக்கும். 2024, 2025 ஆம் ஆண்டுகளில் வலையமைப்புக்கள் 3ஜி சேவையை மூடிவந்ததால், 4ஜியில் கதைக்கும் வசதி இல்லாத பழைய போன்களையும், வெளிநாட்டிலிருந்து வந்த சில போன்களையும் தவிர்ப்பது நல்லது.

உடம்பைப் பார்ப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்தால் திரையில் பழைய எழுத்துக்களின் நிழல் பதிந்திருக்கிறதா என்று தெரியும். ஒரு சின்னத்தை விரலால் அழுத்திப் பிடித்துத் திரை முழுவதும் இழுத்தால், தொடுகை வேலை செய்யாத இடத்தில் அது விழுந்துவிடும். முன்னும் பின்னும் உள்ள கமராக்களில் படம் எடுங்கள். சிறிய வீடியோ எடுத்துக் குரலையும் கேளுங்கள். சார்ஜ் வயரைப் பொருத்தி இலேசாக அசைத்துப் பாருங்கள். சிம் தட்டை வெளியே எடுத்து ஓட்டைக்குள் வெளிச்சம் அடித்தால் ஐபோன்களில் ஒரு சிறிய அடையாளம் தெரியும். அது சிவந்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சாம்சுங் போன்கள் பலவற்றில் *#0*# என்று அழுத்தினால் திரை, ஒலி, அதிர்வு எல்லாவற்றையும் சோதிக்கும் பக்கம் வரும்.

பற்றரிக்குத் தனியாகக் கவனம் தேவை. ஐபோனில் செற்றிங்ஸில் பற்றரி நிலை நூற்றுவீதத்தில் தெரியும். 80 வீதத்திற்குக் கீழ் இருந்தால் புதுப் பற்றரிச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஐபோன் 14 வரையான போன்களின் பற்றரி 500 முழுச் சார்ஜிற்குப் பிறகும் 80 வீதம் தாங்கும் வகையில் செய்யப்பட்டது என்றும், 15 இலிருந்து 1000 என்றும் அப்பிள் சொல்கிறது. திரை ஒரு பக்கம் மேலெழும்பி இருந்தால் உள்ளே பற்றரி வீங்கியிருக்கிறது. தீப்பிடிக்கக்கூடியது. பிள்ளைகள் உள்ள வீட்டிற்குள் அதைக் கொண்டுவராதீர்கள். ஐபோன் 11 இற்குப் பின்னர் வந்தவற்றில் திரையோ பற்றரியோ மாற்றப்பட்டிருந்தால், செற்றிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்திலேயே அது அசல் பாகமா, அறியாத பாகமா என்று காட்டும்.

எம்மவர் கவனிக்காத இன்னொன்று போனின் வயது. பழைய போன் உடையாமலே பயனற்றுப்போகும். 2025 மே 5 ஆம் திகதியுடன் ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் ஆகியவற்றில் வட்ஸ்அப் நின்றுபோனது. ஊரிலுள்ளவர்களோடு கதைக்கவென்றே அவற்றை வைத்திருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். ஐபோன் 8, எக்ஸ் ஆகியன 2023 இல் வந்த மென்பொருளையும், எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் ஆகியன 2025 இல் வந்ததையும் ஏற்கவில்லை. மென்பொருள் நின்றுபோன பின்னர் வங்கிச் செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். சாம்சுங் கலக்ஸி எஸ்24 இற்கும் கூகிள் பிக்சல் 8 இற்கும் ஏழு வருடம் மென்பொருள் தருவதாக அந்நிறுவனங்கள் அறிவித்தன. அன்ட்ராய்டில் மலிவான புதுப் போனைவிட இப்படியான பாவித்த போன் பலவேளைகளில் மேல்.

அத்துடன் என்.எஃப்.சி. வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். குடிவரவு அலுவல்கள் சிலவற்றில், கடவுச்சீட்டிலோ அட்டையிலோ உள்ள சிப்பை உள்துறை அமைச்சின் செயலி மூலம் போனாலேயே வாசிக்க வேண்டிவரும். ஐபோன் 7 இற்குப் பிறகு வந்தவற்றில் இது உண்டு. மலிவான அன்ட்ராய்ட் போன்கள் பலவற்றில் இல்லை. செற்றிங்ஸில் தேடினால் தெரிந்துவிடும்.

இனி எங்கே வாங்குவது என்ற கேள்வி. தனி ஆளிடம் மலிவு, கடையில் விலை கூட. அந்த வித்தியாசத்தில் நீங்கள் வாங்குவது சட்டப் பாதுகாப்பு. 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பாவித்த பொருட்களுக்கும் பொருந்தும். வியாபாரியிடம் வாங்கிய போனில் அவர் சொல்லாத குறை இருந்தால், 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குப் பின்னர் திருத்தித் தரவோ மாற்றித் தரவோ அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும். முதல் ஆறு மாதத்திற்குள் குறை தெரிந்தால், விற்கும்போது அது இருக்கவில்லை என்று நிரூபிப்பது வியாபாரியின் பொறுப்பு. வியாபாரியிடம் இணையம் மூலம் வாங்கினால், குறை இல்லாவிட்டாலும் போன் கைக்கு வந்து 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று அறிவிக்கலாம். தனி ஆளிடம் வாங்கினால் இவை இல்லை. பொருள் அவருக்குச் சொந்தமாகவும் அவர் சொன்னபடியும் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். அதனால் விளம்பரத்தையும் அவர் அனுப்பிய செய்திகளையும் படம் எடுத்து வையுங்கள்.

எங்களுக்குத் தெரிந்த அக்கா ஒருவர், மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் மகளுக்காகக் கடையொன்றில் 120 பவுணிற்கு ஒரு போன் வாங்கினார். ஒன்பதாம் நாள் சார்ஜ் ஏறாமல் போனது. கடையில் 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்ற அறிவித்தல் தொங்கியது. அக்காவிற்கு ஆங்கிலம் பெரிதாக வராது. மகள் சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் ஒரு கடதாசியில் எழுதிக்கொடுக்க, பற்றுச்சீட்டையும் அதையும் ஒன்றாகக் கவுண்டரில் வைத்தார். கடைக்காரர் கொஞ்ச நேரம் புறுபுறுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். சுவரில் தொங்கும் பலகையால் சட்டம் தந்த உரிமையைப் பறிக்க முடியாது. பிடிவாதம் பிடிக்கும் கடைக்காரரும் உண்டு. அப்போது இங்கிலாந்து, வேல்ஸில் உள்ளவர்கள் சிற்றிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி இலக்கமான 0808 223 1133 இற்கு இலவசமாக எடுத்துக் கேட்கலாம்.

பார்க்காத போனிற்கு முற்பணம் அனுப்பாதீர்கள். 'இன்னும் நாலுபேர் கேட்கிறார்கள், இப்போதே 40 பவுண் போட்டால் வைத்திருக்கிறேன்' என்பது பழைய தந்திரம். வங்கி மூலம் ஒருவருக்கு நேரடியாக அனுப்பிய காசைத் திரும்பப் பெறுவது இலேசல்ல. தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 இல் ஒருவருக்குக் கிடைத்த வாராந்த உதவிப் பணம் 49.18 பவுண். அதில் மிச்சம் பிடித்துச் சேர்த்த காசை முகம் தெரியாதவருக்கு அனுப்பிவிட்டு அழுத தாய்மாரை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

போனை வீட்டிற்குக் கொண்டுவந்ததும் உங்கள் கணக்கைப் போட்டு, திரைப் பூட்டும் போடுங்கள். ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தைப் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, கடவுச்சீட்டு வைக்கும் பைக்குள் வையுங்கள். போனிற்குள் மட்டும் படமெடுத்து வைத்தால், போன் களவுபோகும் அன்று படமும் சேர்ந்தே போய்விடும். அன்று பொலிசாரும் வலையமைப்பும் உங்களிடம் கேட்கப்போவது அந்த 15 இலக்கங்களைத்தான்.